ஒரே விலையில் மூன்று ஸ்போர்ட்ஸ் கார்: எதை வாங்கினால் கை சுடாது?

கேள்வி: எனக்கு 43 வயது. மனைவியும் வேலைக்குப் போகிறார், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, மகள் இன்னும் 5 வருடத்தில் கல்லூரிக்குப் போவாள். ஸ்போர்ட்ஸ் கார் என்பது என் பள்ளிக்கூடத்து ஆசை. இப்போது கிட்டத்தட்ட ஒரே விலையில் மூன்று கார்கள் அமைந்திருக்கின்றன: நாலைந்து வருடம் ஓடிய போர்ஷே 911 கரேரா எஸ் (992 என்ற தலைமுறை), அதைவிடப் பழைய மெக்லாரன் 570எஸ், அதிகம் ஓடாத லோட்டஸ் எமிரா வி6. மியூச்சுவல் ஃபண்டில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் வாங்கிவிடலாம், இல்லையென்றால் 80 சதவீதம் கடன் தர வங்கி தயார். மெக்லாரன்தான் லாபம், இந்த விலைக்கு 570 குதிரைத் திறன் கிடைக்காது என்கிறான் நண்பன். எமிரா கடைசிப் பெட்ரோல் லோட்டஸ், விலை ஏறும், அதையே முதலீடாக நினைத்துக்கொள் என்கிறார் இன்னொருவர். 911 விற்பவரோ இந்த வார இறுதிக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: 911 வாங்குங்கள். கடன் வேண்டாம். இந்த வாரமும் வேண்டாம். ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, 25 வருடமாக மனதில் இருக்கிற ஒன்றை, கடனெல்லாம் அடைத்து முடித்த ஒருவர் வாங்க நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் எந்தக் கார், எந்தப் பணத்தில் என்பதில் நண்பர்கள் சொல்கிற இரண்டு யோசனைகளும் உங்களுக்கு ஆகாது.

மூன்று காரும் ஒரே விலை என்கிறீர்களே, அங்கேதான் கவனிக்க வேண்டும். வாங்கும் விலைதான் ஒன்று. 570எஸ் 2015-ல் வந்தபோது இந்த மூன்றிலும் மேல்தட்டில் இருந்த கார், கார்பன் ஃபைபர் சட்டம், 3.8 லிட்டர் இரட்டை டர்போ வி8, மேலே தூக்கித் திறக்கும் கதவு. செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதன் விலை இறங்கி மற்ற இரண்டோடு வந்து நிற்கிறது. விலைதான் இறங்கியதே தவிர, அதன் உதிரி பாகமும், அதைத் தொட்டுப் பழகிய மெக்கானிக்கின் கூலியும் இறங்கவில்லை, அவை புதுக்காரின் விலையை ஒட்டியே நிற்கும். பாதி விலைக்கு வாங்கியவருக்கும் முழு விலைக்கான பில்தான் வரும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அது இந்த வகைக் காருக்கு அப்படியே பொருந்தும்.

ஒரு சாமானை மட்டும் எடுத்துப் பார்ப்போம், பிரேக். 570எஸ்-ல் கார்பன் செராமிக் டிஸ்க் வருகிறது. சாதாரண சாலையில் ஓட்டினால் அது வருடக்கணக்கில் உழைக்கும், பிரேக் தூசியும் அதிகம் படியாது, அருமையான பொருள். ஆனால் ரேஸ் டிராக்கில் தொடர்ந்து சூடேற்றினால் அதன் மேல்பரப்பு கெட்டுப்போகும், சக்கரத்தைக் கழற்றும்போது கவனமில்லாமல் இடித்தால் ஓரம் உடையும், அப்படி ஆனால் இரும்பு டிஸ்க் மாதிரி போகிற போக்கில் மாற்ற முடியாது, நாலு சக்கரத்துக்கும் மாற்றும் செலவில் ஒரு சின்னக் காரே வந்துவிடும். 911-ல் செராமிக் பிரேக் விருப்பத் தேர்வுதான். சக்கரத்துக்குள் எட்டிப் பாருங்கள், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் காலிப்பர் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் செராமிக், சிவப்பாக இருந்தால் இரும்பு. நீங்கள் சிவப்பையே தேடுங்கள். பலர் மஞ்சளைப் பார்த்துவிட்டு 'எல்லா ஆப்ஷனும் உள்ள கார்' என்று கூடுதல் விலை கொடுக்கிறார்கள், தெருவில் ஓட்டுகிறவருக்கு அது தேவையே இல்லை.

சரி, 570 குதிரை விஷயம். கம்பெனிக் கணக்குப்படி 570எஸ் 3.2 நொடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும், 992 கரேரா எஸ் 450 குதிரையோடு 3.7 நொடி, எமிராவின் மானுவல் கியர் 400 சொச்சம் குதிரையோடு 4.3 நொடி. அந்த ஒரு நொடியை நீங்கள் எங்கே உணரப்போகிறீர்கள்? மூன்றுமே சில நொடிக்குள் பெரும்பாலான சாலைகளின் வேக வரம்பை எட்டிவிடும். டிராக்கில் வாராவாரம் ஓட்டுகிறவர் என்றால் நான் வேறு மாதிரி பதில் சொல்வேன், நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

எமிராவைப் பற்றிப் பேசுவோம், எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. அதன் 3.5 லிட்டர் வி6 டொயோட்டாவிடமிருந்து வாங்கியது, கேம்ரி போன்ற குடும்பக் கார்களில் ஓடிய அதே குடும்பத்து எஞ்சின், மேலே காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் சூப்பர்சார்ஜர் வைத்திருக்கிறார்கள். எஞ்சினுக்குள் ஏதாவது வந்தால் அதைப் புரிந்துகொள்ளும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், பணக் கோணத்தில் இது பெரிய நிம்மதி. கவலை எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது. முன் பம்பர், விளக்கு, கதவு என்று இடிபட்டால் அவை சின்ன எண்ணிக்கையில் கார் செய்கிற கம்பெனியிலிருந்து வர வேண்டும், காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் நாளெல்லாம் இன்ஷூரன்ஸும் வரியும் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் பக்கத்தில் லோட்டஸ் சர்வீஸ் இருந்து, மூன்று பெடல் வைத்த மானுவல் கார்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் எமிராவுக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

'கடைசிப் பெட்ரோல் லோட்டஸ்' என்று 2021-ல் அறிமுகம் செய்தபோது கம்பெனியே சொன்னது உண்மைதான். ஆனால் கார் கம்பெனிகள் மின்சாரத் திட்டங்களை மாற்றிக்கொண்டே வருகின்றன, அந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பணம் போட முடியாது. ஸ்போர்ட்ஸ் கார் விலை ஏறியதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் மெக்லாரன் எஃப்1. 2021-ல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் ஒன்று 2 கோடி டாலருக்கு மேல் போனது. அந்த மாடலில் செய்ததே மொத்தம் 106 கார்கள்தான், விற்ற அந்தக் கார் 26 வருடத்தில் 400 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அதாவது அந்த லாபத்தைச் சம்பாதித்தவர்கள் காரை ஓட்டவே இல்லை. நீங்கள் ஓட்ட ஆசைப்பட்டு வாங்குகிறீர்கள், ஓட்டுங்கள். இது செலவுக் கணக்கில் வரட்டும், முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள், அப்படி எழுதினால் மகளின் படிப்புக்குப் போக வேண்டிய பணத்தையும் 'எப்படியும் ஏறுமே' என்று இதற்குள் இழுத்துவிடத் தோன்றும்.

இனி கணக்கு. கார் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம், 4 வருடம் வைத்திருப்பதாக நினைப்போம். உங்கள் உண்மையான செலவு என்பது, 100-லிருந்து விற்கும்போது கிடைப்பதைக் கழித்து, அதோடு சர்வீஸ், டயர், இன்ஷூரன்ஸ், வரி, அப்புறம் அந்தப் பணம் ஃபண்டிலேயே இருந்திருந்தால் வந்திருக்கும் வருமானம், எல்லாவற்றையும் கூட்டினால் வருவது. கடைசியில் சொன்னதை யாரும் சேர்ப்பதில்லை. வருடம் 8 சதவீதம் என்று வைத்தாலே 100 என்பது 4 வருடத்தில் 136 ஆகியிருக்கும், ஆக 36 அங்கேயே போகிறது. விற்கும்போது என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. நீங்கள் வாங்கப்போகும் காரைவிட 4 வருடம் மூத்த கார் இன்றைக்கு என்ன விலைக்கு விளம்பரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 992-க்கு அதன் முந்தைய தலைமுறையான 991-ன் 2017, 2018 கரேரா எஸ் கார்களைப் பாருங்கள், அதிலும் 3 லிட்டர் டர்போ எஞ்சின்தான். 570எஸ்-க்கு மூத்த மெக்லாரன்களான 650எஸ், 12சி. எமிராவுக்கு மூத்த எமிரா கிடையாது, அதனால் லோட்டஸின் முந்தைய காரான எவோரா 400, 410 பாருங்கள், அதே டொயோட்டா வி6. கேட்கும் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, புது நிலையில் அந்தந்த மாடல் என்ன விலை விற்றது என்பதோடு ஒப்பிடுங்கள். 911 விலையைப் பிடித்து வைத்திருப்பதும், மெக்லாரன் ஆரம்ப வருடங்களில் வேகமாக இறங்கியிருப்பதும் உங்கள் கண்ணுக்கே தெரியும். காரணம் ரொம்ப சாதாரணமானது: 911-ஐ வாங்க எப்போதும் ஆள் இருக்கிறது, 1960-களிலிருந்து விட்டுவிடாமல் செய்கிறார்கள், தினமும் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர், பின்னால் குழந்தை உட்காரும் அளவுக்கு இரண்டு சின்ன சீட்டும் உண்டு. அவசரத்துக்கு விற்க வேண்டி வந்தால் வாரக்கணக்கில் விற்றுவிடலாம். 570எஸ்-க்குச் சரியான ஆள் கிடைக்க மாதங்கள் ஆகலாம்.

கடன் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், கார் விலை 100-ல் 80 கடன், 10 சதவீத வட்டி, 7 வருடத் தவணை என்று போட்டுப் பாருங்கள். மொத்தம் 111 சொச்சம் கட்டுவீர்கள், அதில் 31-க்கு மேல் வட்டி. அதுகூடப் போகட்டும். 2 வருடம் ஒழுங்காகத் தவணை கட்டிய பிறகும் 62 சொச்சம் பாக்கி நிற்கும். அந்த நேரத்தில் வேலையில் ஏதாவது ஆகி காரை விற்க நினைக்கிறீர்கள், கார் 60-க்குத்தான் போகிறது என்றால், காரையும் கொடுத்துவிட்டுக் கையிலிருந்தும் 2-க்கு மேல் போட்டால்தான் கடன் முடியும், நீங்கள் முதலில் கொடுத்த 20-ம் போயிற்று. விலை வேகமாக இறங்கும் காரை நீண்ட தவணையில் வாங்கினால் இதுதான் நடக்கும், நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

அப்படியானால் ஃபண்டிலிருந்தே எடுக்கலாமா? மூன்றில் ஒரு பங்கு அதிகம். மகளின் கல்லூரிச் செலவுக்கு வேண்டியதை முதலில் தனியாகப் பிரித்துப் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள், 5 வருடம் என்பது பங்குச் சந்தையில் முழுக்க விட்டுவைக்கும் காலம் அல்ல. ஒரு வருடக் குடும்பச் செலவையும் தனியே வையுங்கள். மீதி இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காரில் போகக் கூடாது என்பது என் அளவுகோல், இதில் கார் விலை மட்டுமில்லை, கார் விலையில் 15 சதவீதத்தை முதல் இரண்டு வருடப் பழுதுக்கென்று ஒதுக்குவதும் சேரும். இந்த அளவுக்குள் 992 வராவிட்டால் அந்த 991 கரேரா எஸ்-க்கு இறங்கிக்கொள்ளுங்கள், 420 குதிரை, அதே சுகம், விலையும் ஏற்கெனவே நிறைய இறங்கியிருக்கும். ஃபண்டை விற்கும்போது வரும் வரியையும் விட்டுவிடாமல் கணக்கில் சேருங்கள். மனைவியிடம் இந்தக் கணக்கை அப்படியே காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள், அவர் சம்பளமும் இதில் இருக்கிறது.

வாங்கும் முன் வேறு ஒரு வொர்க்‌ஷாப்பில், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், காரைத் தூக்கிப் பார்த்துப் பரிசோதனை செய்யுங்கள். போர்ஷேயில் எஞ்சின் கம்ப்யூட்டரே அதிக ஆர்பிஎம்மில் எஞ்சின் எத்தனை முறை சுழன்றது என்று வகை வகையாகப் பதிந்து வைக்கும், மானுவல் கியர் காராக இருந்தால் அந்த அறிக்கையைக் கட்டாயம் வாங்குங்கள், தப்பான கியரில் இறக்கி எஞ்சினை வதைத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்தது. டயரின் வரிப்பள்ளம் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ஆறேழு வருட டயர் இறுகிப்போயிருக்கும், இந்த வேகத்துக்கு அதை நம்ப முடியாது, நாலையும் மாற்றுங்கள். 992 கரேரா எஸ்-ல் முன்னால் 20 அங்குலம், பின்னால் 21 அங்குலம், முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஒப்பேற்ற வழியில்லை, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். குறைவாக ஓடிய கார் என்று மட்டும் மயங்க வேண்டாம், நின்றே கிடந்த காரில் பேட்டரியும் ரப்பர் சீல்களும் போயிருக்கும், வருடா வருடம் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்ஷூரன்ஸில் இரண்டு விஷயம். திருட்டோ பெரிய விபத்தோ நடந்தால் எவ்வளவு தருவார்கள் என்ற தொகையை முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொள்ளும் பாலிசி கிடைத்தால் அதையே எடுங்கள். டிராக்கில் ஓட்டும்போது நடக்கும் சேதத்தைச் சாதாரண பாலிசிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை, ஒரு நாள் ஆசைக்குப் போவதாக இருந்தாலும் அதற்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாரன்ட்டி மிச்சம் இருந்தால் அது உங்கள் பெயருக்கு மாறுமா, நீட்டிக்க முடியுமா என்று கம்பெனியிடமே கேளுங்கள், விற்பவர் வாய்வார்த்தை போதாது.

இந்த வார இறுதிக் கெடுவுக்கு வருகிறேன். 992 கரேரா எஸ் அரிய கார் இல்லை, இது போனால் அடுத்தது வரும். விற்பவரிடம் பரிசோதனைக்கு ஒரு வாரம் வேண்டும் என்று நேராகவே சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். ஒத்துக்கொண்டால் சின்னத் தொகை ஒன்றை முன்பணமாகக் கொடுத்து, பரிசோதனையில் கோளாறு தெரிந்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்ற வரியை ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.