சேலம் வெயிலில், ஒரு அடி ஆழ ரீஃப் டேங்குக்கு எந்த லைட் வாங்கலாம்?

கேள்வி இதுதான்: சேலத்தில் தரைத்தள வீடு. ஹாலில் 3 அடி நீளம், 2 அடி அகலம், 1 அடி உயரத்தில் மேல்மூடி இல்லாத கண்ணாடித் தொட்டி. உப்புநீர் விட்டு சாஃப்ட் கோரல் (மென்பவளம்) வளர்க்க ஆசை. 165 வாட் எல்இடி வாங்கலாமா, டி5 ட்யூபா, மெட்டல் ஹாலைடா?

அஸ்தம்பட்டிப் பக்கம் என் வீட்டில் கிட்டத்தட்ட இதே அளவில் ஒரு தொட்டி ஓடுகிறது. அதற்காக நான் மூன்று முறை லைட் மாற்றியிருக்கிறேன். அதில் இரண்டு முறை தண்டச்செலவு.

முதலில் ஒன்று. உங்களுக்கு வெளிச்சம் பற்றாமல் போகவே போகாது. இரண்டடி, இரண்டரை அடி ஆழத் தொட்டிக்காரர்கள் கொடுக்கும் யோசனையை ஒரு அடித் தண்ணீருக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தலைவலி வேறு: வெளிச்சம் ஒரே இடத்தில் குவிவதும், சூடும்.

நான் முதலில் வாங்கியது நீங்கள் சொல்லும் அதே கறுப்புப் பெட்டி எல்இடிதான். கடைக்காரர் "பவர் ஜாஸ்தி இருந்தா நல்லதுதானுங்கண்ணா, கோரல் சும்மா கிர்ருனு வளரும்" என்றார். நானும் தண்ணீருக்கு ஆறு அங்குலம் மேலே மாட்டி முழு வேகத்தில் ஓடவிட்டேன். நடுவில் இருந்த பச்சை மஷ்ரூம் (காளான் போலிருக்கும் ஒரு சாஃப்ட் கோரல்) நாலாவது நாளே சுருங்கி, பாறையோடு ஒட்டிக் காசளவுக்கு வந்துவிட்டது. பத்தாவது நாள் பார்த்தால் பச்சையே இல்லை, உரித்த பனங்கிழங்கு நிறம். வேடிக்கை என்னவென்றால், மூலையில் வைத்திருந்த அதே வகை மஷ்ரூம் வெளிச்சம் தேடி ஒரு பக்கமாக நீண்டுகொண்டிருந்தது. ஒரே தொட்டியில் ஒன்று வெயிலில் கருகுகிறது, இன்னொன்று இருட்டில் தவிக்கிறது.

காரணம் சுலபம். பவளத்தின் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்கிற நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளிச்சேர்க்கை செய்து தரும் சாப்பாட்டில்தான் பவளம் பெரும்பாலும் பிழைக்கிறது. வெளிச்சமோ சூடோ அளவு மீறினால் அந்தப் பாசி வெளியேறிவிடும். வெளுத்துப் போவது என்பது அதுதான். அப்புறம் லென்ஸ். 90 டிகிரி லென்ஸ் போட்ட ஒரு பல்பு, எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கு இரண்டு மடங்கு விட்டத்தில்தான் வட்டம் போடும். ஆறு அங்குலத்தில் தொங்கினால் தண்ணீர்மேல் ஓர் அடி வட்டம். பதினான்கு அங்குலத்தில் 28 அங்குலம். ஆழமான தொட்டியில் கீழே இறங்க இறங்க இந்த வட்டம் விரிந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். நம் தொட்டியில் விரிய இடமே இல்லை. ஆகவே கேட்க வேண்டியது எத்தனை வாட் என்பதல்ல, எத்தனை டிகிரி லென்ஸ், எவ்வளவு உயரத்தில் தொங்கவிட முடியும் என்பதே. (165 வாட் என்பதும் 3 வாட் பல்பு 55 என்று பெருக்கிப் போட்ட கணக்கு. சுவரிலிருந்து இழுப்பது அதைவிடக் குறைவு.)

அளவைப் பற்றி: பவளத்துக்குப் பயன்படும் ஒளியை பி.ஏ.ஆர். என்று அளப்பார்கள். 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி, ஒரு நொடியில் ஒரு சதுர மீட்டரில் எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பது. வெப்பமண்டல உச்சிவெயில் சுமார் 2000. மஷ்ரூம், சோவாந்திட், லெதர் போன்ற சாஃப்ட் கோரல்களுக்கு 50 முதல் 150 இருந்தால் தாராளம். கிளை கிளையாக வளரும் எஸ்பிஎஸ் என்கிற கடினப் பவள வகைகள்தான் 200, 300, அதற்கு மேலும் கேட்கும். ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் காபிச் செடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மஷ்ரூமும் அந்த ஜாதிதான், பாறை இடுக்கின் நிழலில் ஜம்மென்று இருக்கும்.

பி.ஏ.ஆர். மீட்டர் விலைக்குப் பாதி டேங்க்கையே கட்டிவிடலாம். நான் செய்தது இது. தண்ணீர் விடுவதற்கு முன் தொட்டியின் அடியில் வெள்ளை சார்ட் பேப்பரை விரித்து, இரவில் ஹால் லைட்டை அணைத்துவிட்டு, ரீஃப் லைட்டை மட்டும் போட்டுப் பார்த்தேன். நடுவில் வெள்ளைத் தட்டு கவிழ்த்தது போல ஒரு திட்டு, மூலைகளில் மங்கல். ஒரு பேனாவை நிற்கவைத்தால் ஏழெட்டு நிழல், ஒவ்வொன்றும் ஒரு கலர். பல்பு பல்பாகத் தனித்து விழுகிறது என்று அர்த்தம். லைட்டை மேலே தூக்கத் தூக்கத் திட்டு கரைந்து நிழல்கள் ஒன்றாகச் சேரும். சேர்ந்த இடத்தில் சங்கிலியைக் கட்டிவிடுங்கள். சாதாரண லக்ஸ் மீட்டர் இருந்தால் அதையும் வைத்து நடுவுக்கும் மூலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஆனால் அதில் வரும் எண்ணை பி.ஏ.ஆராக மாற்ற முயலாதீர்கள். லக்ஸ் நம் கண்ணுக்குப் பச்சை தூக்கலாகத் தெரிவதை வைத்துச் செய்த அளவு, நீலத்தைப் பாதிக்குமேல் தவறவிடும்.

இப்போது மூன்றையும் எடைபோடுவோம். மெட்டல் ஹாலைடு அழகு, மறுக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் வெயில் நெளிவது போல ஒரு மினுக்கல் வரும். ஆனால் 3 அடிக்கு 150 வாட் இரண்டு வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். கரண்ட் பில்லில் இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் லைட்டுக்கே தீர்ந்துவிடும். அதைவிட, அந்த 300 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் ஹாலில் இறங்கும். சேலத்தில் வேண்டாம். டி5 எனக்கு ரொம்பப் பிடித்தது. நீள ட்யூப் என்பதால் வெளிச்சம் பாய் விரித்த மாதிரி சமமாக விழும், குறைந்த ஆழத்துக்கென்றே செய்தது போல. 39 வாட் ட்யூப் மூன்று போதும், இரண்டு மாதத்துக்கு 56 யூனிட் சொச்சம். ஆனால் 9 முதல் 12 மாதத்தில் ட்யூபின் நிறமும் வேகமும் இறங்கிவிடும், மாற்ற வேண்டும். ரீஃப் ட்யூப் உள்ளூரில் கிடைக்காமல் கூரியரில் வரவழைத்தேன். இரண்டு முறை உடைந்த கண்ணாடிதான் வீடு வந்தது. அதோடு விட்டேன்.

இப்போது இருப்பது 120 டிகிரிக்கு விரியும் எல்இடி பார் இரண்டு. தொட்டி நீளத்துக்கு, ஒன்றுக்கொன்று ஓர் அடி இடைவெளியில், தண்ணீருக்கு 13 அங்குலம் மேலே. இரண்டும் சேர்ந்து 60 வாட்டுக்குள். இரண்டு மாதத்துக்கு 29 யூனிட்கூட வராது. உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனி டிம்மர் இருப்பதாகப் பாருங்கள். 450 நானோமீட்டரை ஒட்டிய நீலம் பவளத்துக்கும் வேண்டும், நிறம் ஒளிரவும் வேண்டும். முழு நீலத்தில் ஓடவிட்டால் "கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சீரியல் செட்டா இது?" என்று வீட்டில் கேட்பார்கள். எங்கள் வீட்டில் கேட்டார்கள். எட்டு மணிக்கு மேல் மட்டும் நீலம் என்று சமாதானம் ஆகியிருக்கிறது. எதை வாங்கினாலும் 30 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றுங்கள். நான் 60ல் நிறுத்திவிட்டேன்.

சூட்டுக்கு வருவோம். பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி சுகம். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வெளுக்கத் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர் ஹாலே 34, 35ல் நிற்கிறது. இங்கே அகலத் தொட்டி ஒரு வகையில் நல்லது. தண்ணீர்ப் பரப்பு அதிகம், நம் ஊர் வெயில் சென்னை மாதிரி பிசுபிசுப்பானது இல்லை, காய்ந்த வெயில். பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேனைத் திருப்பி வைத்தால் ஆவியாகித் தண்ணீர் குளிரும். ஒரு லிட்டர் ஆவியானால் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் அதோடு போய்விடும். மே மாதத்தில் எனக்கு நாளுக்கு ஐந்து லிட்டர் போகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கும். அதனால் ஈடுகட்ட உப்புநீரை ஊற்றாதீர்கள், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யம் காட்டும் ஆர்ஓ டிஐ வடிகட்டித் தண்ணீர் மட்டும். போர் தண்ணீர் கூடவே கூடாது. ஃபேன் மூன்று டிகிரி வரைதான் இழுக்கும், மிச்சத்துக்கு அந்த இரண்டு மாதம் சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் கருவி) போடுகிறேன். டைமரையும் மாற்றிவிடுவேன்: கோடையில் லைட் மாலை 4 முதல் இரவு 11:30 வரை. பவளத்துக்குத் தேவை ஏழரை, எட்டு மணி நேரம். அது எந்த எட்டு மணி நேரம் என்பது பற்றி அதற்குக் கவலையில்லை.

ஏற்காட்டில் இருக்கும் என் மச்சான் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்த பவளங்கள், மேலே சில்லர் இல்லாமலேயே நன்றாக இருக்கின்றன. டிசம்பரில் அவருக்கு ஹீட்டர் வேண்டும், அவ்வளவுதான்.

தொங்கவிடுவதற்கு நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். இரும்பாலை ஊர்க்காரன் என்ற திமிரில் 304 ஸ்டீல் பைப்பில் ஸ்டாண்ட் அடித்தேன். துருவே பிடிக்காதாம். உப்புத் தெறிப்பில் ஆறே மாதத்தில் டீக்கறை போலப் பழுப்புக் கோடுகள். இப்போது அலுமினியம் ப்ரொஃபைல். ஒயரை சாக்கெட்டுக்குக் கீழே தொய்வாக இறக்கி மேலே கொண்டுபோங்கள், வழிந்த நீர் சாக்கெட்டுக்குள் போகாது. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் கையை உள்ளே விடாதீர்கள். லைட் உயரத்தில் தொங்குவதால் சோபாவில் உட்காருபவர் கண்ணில் அடிக்கும், பக்கத்தில் கறுப்பு அக்ரிலிக் பட்டை ஒட்டினால் தீர்ந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் லைட்டைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், ஒருநாள் இருட்டு ஒன்றும் செய்யாது. இன்வெர்ட்டரைத் தண்ணீரை அலையடிக்க வைக்கும் வேவ்மேக்கருக்குக் கொடுங்கள்.

"ராமேஸ்வரம் பக்கத்துச் சரக்கு" என்று யாராவது கடினப் பவளமோ கடல்விசிறியோ கொடுத்தால் வாங்காதீர்கள். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எஸ்பிஎஸ் ஆசை இல்லையென்றால் பெரிய லைட் ஆசையும் தானாகக் குறையும்.

கடைசியாக, லைட்டை இப்போதே வாங்க வேண்டாம். பாறையும் உப்புநீரும் மட்டும் வைத்து, அம்மோனியா, நைட்ரைட் என்ற விஷங்கள் பூஜ்யத்துக்கு வர ஐந்தாறு வாரம் பிடிக்கும். அதுவரை வெளிச்சம் போட்டால் வளர்வது வேண்டாத பாசிதான். கடையில் ஒரு நாளுக்கு எல்இடி பார் ஒன்றைக் கடனாகக் கேட்டு வாங்கி, தண்ணீர் விடுமுன் சார்ட் பேப்பர் சோதனையை மட்டும் செய்து பாருங்கள். பேனா நிழல் எத்தனை வந்தது என்று கருத்தில் எழுதுங்கள், உயரம் சொல்கிறேன்.