அமெரிக்க அரசியல் கொலைகள்: அலையா, தனித்தனிச் சம்பவங்களா? (கேள்வி பதில்)

அமெரிக்க வரலாறு பாடம் நடத்தியவன் என்பதால் இந்த வாரம் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். 2025 ஜூனில் மினசோட்டாவில் ஜனநாயகக் கட்சியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மெலிசா ஹார்ட்மன், செப்டம்பரில் யூட்டாவில் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கர்க் என இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த இரண்டையும் வைத்துத்தான் எல்லாரும் கேட்கிறீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு கொலை நடந்து 48 மணி நேரமாவது ஆகும்வரை, கொன்றவன் எந்தக் கட்சிக்காரன் என்று எழுதாதீர்கள்.

சார், அமெரிக்கா முன்னெல்லாம் இப்படி இல்லையே?

இதைவிட மோசமாக இருந்தது. 1963இல் கென்னடி, 1965இல் மால்கம் எக்ஸ், 1968இல் இரண்டே மாத இடைவெளியில் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும். 1975 செப்டம்பரில் அதிபர் ஃபோர்டை ஒரே மாதத்தில் இரண்டு முறை கொல்லப் பார்த்தார்கள், இரண்டு முறையும் பெண்கள். அப்போது குறி வைக்கப்பட்டவர்களில் பலர் நாடறிந்த தலைவர்கள். இப்போது வெளியூரில் பெயர்கூடத் தெரியாத மாநில உறுப்பினர் வீட்டுக் கதவையும் தட்டுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இதுதான்.

மினசோட்டாவில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.

ஜூன் 14 அதிகாலை. போலீஸ்காரன்போல் உடுத்தி, முகமூடி மாட்டி, போலீஸ் வண்டிபோல விளக்கு வைத்த வாகனத்தில் ஒருவன் கிளம்புகிறான். இது அரசுத் தரப்புக் குற்றச்சாட்டு. முதல் வீட்டில் மாநில செனட்டர் ஜான் ஹாஃப்மனையும் மனைவியையும் சுடுகிறான்; இருவரும் பிழைத்தார்கள். அடுத்த வீட்டில் ஆள் இல்லை. மூன்றாவது வீட்டருகே வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த வீட்டைப் பார்த்துவர அனுப்பப்பட்ட நிஜப் போலீஸ் அதிகாரி வருகிறார். தனக்கு முன்னால் காவலுக்கு வந்த சக அதிகாரி என்று நினைத்துப் பேச்சுக் கொடுக்கிறார். பதில் இல்லை. அவர் வீட்டுப் பக்கம் போய்விட, இவன் நழுவுகிறான். அடுத்தது ஹார்ட்மன் வீடு. அவரும் கணவர் மார்க்கும் அங்கே இறந்தார்கள்.

மறுநாளே ஒரு குடியரசுக் கட்சி செனட்டர், இது மார்க்சியர்களின் வேலை என்ற பொருளில் பதிவு போட்டார். கைதானவர் வைத்திருந்த பெயர்ப் பட்டியலில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியினர். 48 மணி நேரம் என்று நான் அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அதிகம் கொல்வது இடதா, வலதா?

எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறீர்கள்? 2001 செப்டம்பர் 11ஐச் சேர்த்தால் கிட்டத்தட்ட 3,000 உயிர். ஜிகாதிகளுக்கு முன் மற்ற எல்லாக் கணக்கும் சிறுத்துவிடும். மறுநாளிலிருந்து எண்ணினால், பெரும்பாலான தொகுப்புகளில் வலதுசாரித் தீவிரவாதிகள் கொன்றதே இடதுசாரிகள் கொன்றதைவிட அதிகம். 1995 ஓக்லஹோமா குண்டுவெடிப்பைச் சேர்த்தால் வலதுசாரிக் கணக்கில் இன்னும் 168 பேர். எண்ணிக்கையை நம்புங்கள், ஆனால் தொடக்கத் தேதியைக் கேட்டுவிட்டு நம்புங்கள்.

இது மழுப்பல் சார். எண்ணிக்கையை வைத்து என்னதான் சொல்ல முடியும்? (மேலே கேட்டவரே)

நிறையச் சொல்ல முடியும், எண்ணத் தெரிந்தால். எமில் கும்பெல் என்ற ஜெர்மன் கணித அறிஞர் 1918 முதல் 1922 வரை தன் நாட்டில் நடந்த அரசியல் கொலைகளை ஒவ்வொன்றாகத் தொகுத்தார். வலதுசாரிகள் செய்தவை 354, இடதுசாரிகள் செய்தவை 22. அவர் அத்துடன் நிற்கவில்லை. ஒவ்வொரு கொலைக்கும் பக்கத்தில் தீர்ப்பையும் எழுதினார். அந்த 22 கொலைகளுக்கு 10 பேருக்கு மரண தண்டனை. இந்த 354இல் 326க்குத் தண்டனையே இல்லை. மரண தண்டனை ஒருவருக்குக்கூட இல்லை. ஜெர்மனி எங்கே போகிறது என்பது அந்தத் தீர்ப்புப் பட்டியலில்தான் தெரிந்தது. (வெள்ள அபாயத்தைக் கணக்கிடப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்தும் ‘கும்பெல் பரவல்’ இதே மனிதருடையதுதான். 1932இல் வேலையைப் பிடுங்கி அனுப்பினார்கள்.)

அது ஜெர்மனி. அமெரிக்காவில் சுட்டவன் எல்லாம் மாட்டிக்கொள்கிறானே?

நல்ல கேள்வி, இன்று வந்ததிலேயே. 1963இல் மிசிசிப்பியில் கருப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸைச் சுட்டுக் கொன்றவன்மீது 1964இல் இரண்டு வழக்கு நடந்தது. இரண்டு முறையும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒருமுடிவுக்கு வரவில்லை. தண்டனை கிடைத்தது 1994இல். இன்று அப்படி இல்லை. எந்தப் பக்கத்துக் கொலையானாலும் வழக்கு நடக்கிறது. அதனால் கும்பெல் எண்ணிய அந்த வைமர் ஜெர்மனியோடு (ஹிட்லருக்கு முந்தைய குடியரசு) ஒப்பிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 2021 ஜனவரி 6 அன்று ட்ரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றத்தைத் தாக்கிய வழக்குகளில் சுமார் 1,500 பேருக்கு, போலீஸாரை அடித்தவர்கள் உட்பட, 2025 ஜனவரி 20 அன்று ட்ரம்ப்பிடமிருந்து மன்னிப்பு கிடைத்தது. கும்பெல் இருந்திருந்தால் இதைத்தான் முதலில் குறித்துக்கொண்டிருப்பார்.

கர்க்கைக் கொன்றவன் இடதுசாரிதானே, ஏன் சொல்லத் தயங்குகிறீர்கள்?

அன்று மாலையே எஃப்பிஐ இயக்குநர் ஆள் சிக்கிவிட்டதாக அறிவித்தார். கொஞ்ச நேரத்தில் விடுவித்துவிட்டோம் என்று அவரே எழுதினார். பிறகு கைதான இளைஞர் மீது வழக்கு நடக்கிறது. நோக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்கட்டும்.

2024இல் பட்லர் தேர்தல் கூட்டத்தில் ட்ரம்ப்பைச் சுட்டதே நாடகம் என்கிறார்களே?

அந்தக் கூட்டத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவர் செத்தார். அடுத்தது.

கர்க்கைக் கொன்றவன் எந்தக் கட்சி?

மேலே படியுங்கள்.

தமிழ்நாட்டு அரசியல் கொலைகள் பற்றியும் சொல்லலாமே?

என் பாடம் இல்லை. குற்றச் செய்தி எழுதிப் பழகிய நிருபரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

முடிவாக, இது அலையா இல்லையா?

கொலைகளை மட்டும் பார்த்தால் 1960களை எட்டவில்லை. மிரட்டல்களைப் பார்த்தால் அலைதான். நாடாளுமன்றக் காவல்துறை விசாரித்த மிரட்டல்களும் கவலை தரும் பேச்சுகளும் 2017இல் 3,939, 2024இல் 9,474. குண்டு படாமலே ஒருவரைப் பதவியிலிருந்து விரட்ட இது போதும். அடுத்த தேர்தலில் நிற்காமல் ஒதுங்குகிறவர்களை யாராவது எண்ணினால் நான் அதைத்தான் முதலில் படிப்பேன்.

என் மகள் ஜனவரியில் அங்கே படிக்கப் போகிறாள். அனுப்பலாமா?

அனுப்புங்கள். அரசியல் கொலைக்குப் பயந்து படிப்பை விட வேண்டாம். போனதும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பாதுகாப்பு விவரம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். விசா கேள்விக்கு நான் ஆள் இல்லை.