கானாடுகாத்தான் வீட்டை விடுதியாக்குகிறோம். சுடுதண்ணீருக்கு, குளிர் நாடுகளில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் முறையில் இரட்டை பைப் போட வேண்டுமா?

வேண்டாம். மொட்டை மாடி சுடுதண்ணீர் டாங்கிலிருந்து கிளம்பி, வளவை (உள்முற்றத்தை) சுற்றிவிட்டுத் திரும்ப டாங்குக்கே வரும் ஒரே ரிங் லைன் போதும். லண்டனில் இருக்கும் உங்கள் மச்சான் சொன்ன ‘ரிவர்ஸ் ரிட்டர்ன்’ நல்ல முறைதான், ஆனால் அது ரேடியேட்டருக்கு.

ரேடியேட்டரில் தண்ணீர் செலவாவதில்லை. சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு பாய்லருக்கே திரும்புகிறது. ஒரே பைப்பில் வரிசையாகக் கோத்தால் முதல் அறை எடுத்தது போக மிச்சச் சூடுதான் கடைசி அறைக்கு. அதனால்தான் போக ஒன்று, வர ஒன்று. அப்போதும் தண்ணீர் பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டர் வழியாகவே குறுக்கே திரும்பப் பார்க்கும். ரிவர்ஸ் ரிட்டர்னில் முதலில் தண்ணீர் வாங்கும் ரேடியேட்டருக்குத் திரும்பும் வழி நீளம், கடைசி ரேடியேட்டருக்குக் குறைவு. கூட்டினால் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே தூரம்.

குளியலறையில் திறந்துவிடும் தண்ணீர் திரும்பி வரப்போவதில்லையே! உங்கள் சிக்கல் பைப்பிலேயே ஆறிக் கிடக்கும் தண்ணீர். முக்கால் இஞ்ச் சிபிவிசியில் (சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்) மீட்டருக்குக் கால் லிட்டர் நிற்கும். நம் வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை; கடைசி அறை 40 மீட்டர் என்றால் 10 லிட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் ஷவரில் விருந்தாளி ஒன்றரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அத்தனையும் சாக்கடைக்கு. தண்ணீர் அருமையான இந்தச் சீமையில் அதற்கு எனக்கு மனசு வராது.

ரிங்கில் தண்ணீர் ஆறிக் கிடக்காமல் சுற்றிவர சின்ன சர்க்குலேஷன் பம்ப், அதற்கு டைமர். திரும்பும் லைனில், தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் குழாயைத் திறந்ததும் டாங்கின் அடித்தண்ணீர் பின்வழியாக வந்துவிடும். மேடான இடத்தில், பைப்பில் தேங்கும் காற்று வெளியேற ஏர் வென்ட். ரிங்கிலிருந்து குளியலறைக்கு இறங்கும் பைப் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

அப்புறம், சுண்ணாம்புப் பூச்சுச் சுவரைக் குடைய விடாதீர்கள். ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்தால் அதே சாயலில் மறுபடி கிடைப்பது கஷ்டம். லைனை மாடி வழியாகவே கொண்டுபோங்கள். 30 மீட்டர் சிபிவிசி, 30 டிகிரி சூடு கூடினால் 6 சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். கிளாம்பை இறுக்கிவிடாமல் மூலைகளில் அசைய இடம் விடச் சொல்லுங்கள். சூடு ஆறாமல் இருக்க நைட்ரைல் ரப்பர் உறை போட்டு மேலே அலுமினியத் தகடு சுற்றுங்கள், வெறும் உறை நம் வெயிலில் வெடித்து உதிர்ந்துவிடும். உறை போடும் முன்பே பிரஷர் டெஸ்ட் பார்த்துவிடுங்கள்.