முதலில் அம்மாவின் மாத்திரை அட்டையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. கார்போஹைட்ரேட்தான் எடையை ஏற்றுகிறது என்று படித்ததிலிருந்து, இரண்டு மாதங்களாக அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை, பழம் அனைத்தையும் அடியோடு நிறுத்திவிட்டேன். முதல் பத்து நாட்களில் 3.2 கிலோ குறைந்தது. நடுவில் ஒரு விருந்தில் பழையபடி சாப்பிட்டேன், மறுநாளே 1.4 கிலோ ஏறிவிட்டது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் கடந்த மூன்று வாரங்களாக முட்டை, வெண்ணெய், பாலாடைக்கட்டி, கொட்டைகள் என்று மட்டுமே சாப்பிட்டும் எடை அசையவில்லை. என் மனைவி, எதைச் சாப்பிட்டாலும் அளவுதான் முக்கியம் என்று வாதாடுகிறார். 71 வயதாகும் என் அம்மாவும் எனக்குத் துணையாக இதே உணவு முறைக்கு மாறிவிட்டார். பல வருடங்களாக ஏதோ சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். அதையும் விடாமல் போட்டுக்கொள்கிறார். விடியற்காலையில் மட்டும் கொஞ்சம் வியர்வையும் நடுக்கமும் வருகிறது என்கிறார். உடம்பு பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று தேற்றியிருக்கிறேன். நானா, என் மனைவியா, யார் சொல்வது சரி? நீங்கள்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

பதில்: தீர்ப்பு காத்திருக்கட்டும். இதைப் படித்த கையோடு எழுந்து போய், உங்கள் அம்மாவின் மாத்திரை அட்டையை எடுத்து, அதில் அச்சிட்டிருக்கும் பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவரை இன்றைக்கே தொடர்புகொண்டு, இரண்டு மாதங்களாக அவர் மாவுச்சத்து சாப்பிடுவதில்லை என்பதையும், விடியற்காலையில் வியர்த்து நடுங்குகிறார் என்பதையும், இவ்வளவு நாளும் இதை நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நீங்கள் பழக்கம் என்று பெயர் வைத்திருக்கும் அந்த வியர்வையும் நடுக்கமும், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும்போது உடல் எழுப்பும் முதல் கூக்குரல். அளந்து பார்த்தால்தான் உறுதியாகும் என்பது உண்மை. ஆனால் அளந்து பார்க்கும்வரை அப்படித்தான் என்று எடுத்துக்கொள்வதே வீட்டில் பொறுப்புள்ளவர் செய்யும் காரியம். கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள், அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அவற்றின் அளவை மருத்துவர் முடிவு செய்தபோது, அவர் வழக்கமாகச் சாப்பிட்டுவந்த உணவைக் கணக்கில் வைத்துத்தான் முடிவு செய்திருப்பார். தட்டிலிருந்து மாவுச்சத்தை எடுத்துவிட்டு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே விட்டுவைத்தால், அந்த இன்சுலினுக்கு ஈடுகொடுக்க இரத்தத்தில் போதிய சர்க்கரை இருக்காது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே சர்க்கரை போனால் அது தாழ்நிலை. 54-க்குக் கீழே போனால் மூளையே தடுமாறத் தொடங்கும் ஆபத்து. எழுபது வயதைத் தாண்டியவருக்கு இது வெறும் நடுக்கத்தோடு நிற்பதில்லை. நினைவு குழம்பும், தள்ளாடி விழுவார், இடுப்பெலும்பு முறியும். சிலர் தூக்கத்திலேயே நினைவிழந்து போவதும் உண்டு.

அட்டையில் இருப்பது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற பெயராக இருந்தால், ஆபத்து வேறு வழியில் வரும். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இவற்றோடு மாவுச்சத்தையும் அடியோடு நிறுத்தினால், இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் என்ற நிலை வரக்கூடும். அதுவும் குளுக்கோமீட்டர் பெரிய எண் எதையும் காட்டாமலே வரக்கூடும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அவை தென்பட்டால் தொலைபேசியில் ஆலோசனை கேட்டுக்கொண்டிராமல் நேராக மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இப்படி இறங்குவது அரிது. ஆனால் பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சாப்பிடுகிறார்கள், ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்துகள் கலந்திருப்பதும் சாதாரணம் என்பதால், அந்த ஆறுதலை நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். மாவுச்சத்து குறையும்போது உடலிலிருந்து உப்பும் நீரும் வெளியேறுவதால் அழுத்தமும் இறங்கும், எழுந்து நிற்கையில் தலை சுற்றும். தவிர, அந்த மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் என்ற வகையைச் சேர்ந்தவை, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடக்கூடியவை.

இன்றிரவுக்குத் தேவையானதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் குளுக்கோமீட்டர் இல்லையென்றால் வாங்குங்கள். வியர்வையோ நடுக்கமோ வந்தால் உடனே அளந்து, 70-க்குக் கீழே இருந்தால், அல்லது கருவி கைவசம் இல்லையென்றால் அளக்காமலேயே, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அது ஏறத்தாழ 15 கிராம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் சாப்பிட ஏதாவது கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த மாத்திரைகளில் சிலவற்றின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும். ஒரு தடவை ஏறிய சர்க்கரை மறுபடி சரியும். நினைவில்லாமல் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மருத்துவர் புதிய அளவைச் சொல்லும்வரை, அவர் முன்பு சாப்பிட்டுவந்த உணவை, முன்பு சாப்பிட்ட அளவில், நேரம் தவறாமல் சாப்பிடட்டும்.

இனி உங்களைப் பற்றி. உங்கள் எடை 3.2 கிலோ குறைந்தது, 1.4 கிலோ கூடியது என்று புள்ளி வைத்து எழுதத் தெரிந்த உங்களுக்கு, பெற்ற தாய் பல வருடங்களாக விழுங்கிவரும் மாத்திரையின் பெயர் தெரியவில்லை. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இது புதிதல்ல. வீட்டில் ஒருவர் கீட்டோ என்றோ பேலியோ என்றோ ஒரு விரதத்தைத் தொடங்குவார், வயதானவர் பின்னாலேயே வருவார், எழுதுபவருக்கு அது பெருமையாகத்தான் இருக்கும். உங்கள் அம்மா எதையும் ஆராய்ந்து இந்த முடிவுக்கு வரவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மகன் தொடாத உணவைத் தான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். துணைக்கு வந்தவரின் பாதையில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டியது முன்னால் நடப்பவரின் கடமை. அதோடு, அந்தத் தலைமுறைத் தாய்மார்கள் தங்கள் உடம்பைப் பற்றி எளிதில் வாய்திறப்பவர்கள் அல்லர். நடுக்கத்தை அவர் வந்து சொன்னார் என்றால், சொல்வதற்கு முன்பே பல விடியல்களை அவர் தனியாகக் கடந்திருப்பார். அப்படிச் சொன்னவரை நீங்கள் கேட்கவில்லை, தேற்றி அனுப்பிவிட்டீர்கள். பெற்றோரை வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது என்றால் சோறு போடுவது மட்டுமன்று. அவர்களின் மருந்துகளின் பெயர், நேரம், கடைசியாக எடுத்த பரிசோதனையின் முடிவு ஆகியவை பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் மனைவிக்கும் இது பொருந்தும். இருவரும் சாப்பாட்டு மேசையில் யார் சொல்வது சரி என்று வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், அதே மேசையில் உட்கார்ந்திருந்த மூன்றாமவரை இருவருமே பார்க்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் சாட்சியாகக் காட்டும் இரண்டு எண்களும் பெரும்பாலும் தண்ணீர்தான். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜனாக மாற்றி, கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் இந்தக் கையிருப்பு செலவாகி, அதோடு அந்தத் தண்ணீரும் போகும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும். முதல் பத்து நாட்களில் உங்களை மகிழ்வித்த இறக்கத்தில் பெரும்பங்கு இதுதான். விருந்துக்கு மறுநாள் ஏறியதும் அதே தண்ணீர் திரும்பி வந்ததுதான். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகுதியாக வேண்டும். அந்தக் கணக்கில் 1.4 கிலோ கொழுப்பு சேர, உங்கள் அன்றாடத் தேவைக்கு மேல் 10,000 கலோரிக்கும் அதிகமாக ஒரே விருந்தில் சாப்பிட்டிருக்க வேண்டும். எவ்வளவு பெரிய சாப்பாட்டுப் பிரியராக இருந்தாலும் அது நடக்கிற காரியமில்லை.

மூன்று வாரமாக எடை அசையாததற்குக் காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, புரதத்தில் 4 கலோரி, கொழுப்பில் 9 கலோரி. ஒரு கைப்பிடி கொட்டைகள், அதாவது 30 கிராம், ஏறத்தாழ 180 கலோரி. வெண்ணெய் 100 கிராமில் 700-க்கும் மேல். கார்போஹைட்ரேட் இல்லாததால் எவ்வளவு சாப்பிட்டாலும் கணக்கில் வராது என்று நினைத்து இவற்றை அள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். உடல் எல்லாவற்றையும் கணக்கில் வைத்திருக்கிறது. மாவுச்சத்து நேராகக் கொழுப்பாக மாறிப் படிவதுகூட வழக்கமான சாப்பாட்டில் மிகக் குறைவாகவே நடக்கிறது. தேவைக்கு மேல் மாவுச்சத்து கிடைக்கும்போது உடல் அதை எரித்துக்கொண்டு, கூடவே வந்த கொழுப்பை எரிக்காமல் ஒதுக்கி வைக்கிறது. ஆகவே தேவைக்கு மிஞ்சினால் மாவுச்சத்தாலும் எடை கூடும், வெண்ணெயாலும் கூடும்.

இன்சுலின்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற வாதத்தையும் நீங்கள் படித்திருப்பீர்கள். 2018-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்றில், கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைக் கொழுப்பு குறைந்த உணவிலும் மறு பாதியினரை மாவுச்சத்து குறைந்த உணவிலும் ஒரு வருடம் வைத்திருந்தார்கள். முதல் குழு சராசரியாக 5.3 கிலோவும் இரண்டாம் குழு 6 கிலோவும் குறைந்தார்கள். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. யாருக்கு இன்சுலின் அதிகம் சுரக்கிறது என்பதை வைத்து யாருக்கு எந்த உணவு பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரண்டு குழுவினருக்கும் சர்க்கரையையும் மைதா போன்ற தீட்டிய மாவையும் குறைத்து, காய்கறிகளைக் கூட்டி, முடிந்தவரை வீட்டில் சமைத்துச் சாப்பிடும்படி சொல்லப்பட்டிருந்தது.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் நடத்தி 2019-இல் வெளியிட்ட சோதனை. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறப்பட்ட இரண்டு உணவிலும் மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவுக்குப் பொருத்தப்பட்டிருந்தன. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றும் சொல்லப்பட்டிருந்தது. பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, இரண்டு வாரத்தில் 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள். உங்கள் மனைவி அளவு என்கிறார், அது சரி. ஆனால் எந்த உணவு ஒருவரை அளவு மீற வைக்கிறது என்பதை அவர் விட்டுவிட்டார். சர்க்கரை கரைத்த பானங்களும் நார் நீக்கிய மாவுப் பண்டங்களும் வயிறு நிறைந்த உணர்வைத் தராமலே உள்ளே போய்விடுகின்றன. அந்த இடத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்காகப் பழத்தையும் பருப்பையும் முழுத்தானியத்தையும் ஏன் சேர்த்துத் தண்டித்தீர்கள் என்பதுதான் புரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மாவுச்சத்து முக்கியமாக முழுத்தானியம், காய்கறி, பழம், பருப்பு ஆகியவற்றிலிருந்து வர வேண்டும் என்றும், பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்றும் சொல்கிறது. முட்டையிலும் வெண்ணெயிலும் பாலாடைக்கட்டியிலும் நார்ச்சத்து கிடையாது.

மாவுச்சத்தைக் குறைப்பது சர்க்கரை நோயாளிகளுக்கே பயன் தரக்கூடியதுதான். மருத்துவர் மருந்தின் அளவை முன்கூட்டியே குறைத்து, இரத்தச் சர்க்கரையை அடிக்கடி அளந்து, படிப்படியாகச் செய்தால் பலருக்கு மருந்தே குறைகிறது. உங்கள் அம்மாவுக்கு அது தேவையா என்பதை அவருடைய மருத்துவரும் அவரும் பேசி முடிவு செய்யட்டும். அந்தப் பேச்சில் உங்கள் எடையைக் கொண்டுவராதீர்கள்.

உங்கள் எடைக்கு வேறொரு காரணத்தால் முக்கியத்துவம் உண்டு. தாய்க்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, உங்களுக்கு 44 வயது, உடல் எடையும் கூடுதல். இவ்வளவும் இருந்தும் நீங்கள் இரத்தப் பரிசோதனை செய்ததாகக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அமெரிக்காவில் நடந்து 2002-இல் முடிவுகள் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காக வைக்கப்பட்டன; அந்தக் குழுவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுக்கப்பட்ட குழுவில் அது 31 சதவீதம்தான். அம்மாவை அழைத்துப் போகும் அன்றே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை நீங்களும் செய்துகொள்ளுங்கள். 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீங்களும் அந்த விளிம்பில்தான் நிற்கிறீர்கள். குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்க்கும் பரிசோதனையைச் சொன்னார்கள் என்றால், நீங்கள் இரண்டு மாதமாக மாவுச்சத்து தொடவில்லை என்பதை முன்பே தெரிவித்துவிடுங்கள். அதற்கு முந்தைய மூன்று நாட்களாவது நாளொன்றுக்கு 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்காவிட்டால், இல்லாத நோயை அது இருப்பதாகக் காட்டிவிடக்கூடும்.