புள்ளிக் கணக்கு உணவுமுறை: குறித்துவைப்பது எப்படிப் பழகும்?

ஒவ்வொரு உணவுக்கும் புள்ளி போட்டு, ஒரு நாளைக்கு இத்தனை புள்ளிக்குள் சாப்பிடச் சொல்லும் எடைக் குறைப்புத் திட்டமான வெயிட் வாட்சர்ஸ் முறையில் சேர்ந்தும், சாப்பிட்டதைக் குறித்துவைப்பது கைவரவில்லை என்கிறீர்கள். முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம். எழுதுவதை மட்டும் பழகுங்கள். அதுவும் சாப்பிடுவதற்கு முன்பே. இரவில் உட்கார்ந்து யோசித்தால் பாதி மறந்துபோகும், மீதியை மனசு மறைத்துவிடும்!

சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் புள்ளியைக் கூட்டும், புரதம் குறைக்கும். பழத்தைக் கடித்துத் தின்றால் புள்ளி இல்லை, சாறாகக் குடித்தால் உண்டு. காய்கறிகள் பெரும்பாலும் இலவசம்தான், வதக்கும் எண்ணெய் அப்படியல்ல. கணக்கு உதைப்பது பெரும்பாலும் அங்கேதான். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் தேக்கரண்டியால் அளந்து விடுங்கள்.

காலை உணவைச் சில நாட்கள் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் ஒருமுறை போட்ட கணக்கே போதும். விருந்து நாட்களுக்கென்று பயந்து பட்டினி கிடக்காதீர்கள். தினசரிப் புள்ளிகளுக்கு மேல் வாரப் புள்ளிகள் தனியாகத் தருகிறார்கள்.