வாட்ச்ல எச்.ஆர்.வி கூடிட்டு, சந்தோஷப்படலாமா? ஹார்ட் ஃபெயிலியர்காரங்க கேட்டதும் எனக்க பதிலும்

எச்.ஆர்.வி (ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுதுங்கற அளவு) பத்தி போன மாசம் நாலு வரி எழுதினதுக்கு வந்த கேள்வி எல்லாம் சேந்து கிடக்கு, இன்னைக்கு உக்காந்து பதில் போட்டுருவோம். நாகர்கோவில்ல ஹோல்டர் (உடம்புல மாட்டி நாள் பூரா ஈசிஜி எடுக்கிற மெஷின்) ரிப்போர்ட் பாக்கதுதான் எனக்க வேலை, நான் டாக்டர் இல்ல, அதனால மாத்திரைய கூட்டவா குறைக்கவான்னு மட்டும் எங்கிட்ட கேக்காண்டாம்.

குளச்சல்காரர், இப்பம் கத்தார்ல: அப்பாவுக்கு பம்பிங் (ஒவ்வொரு துடிப்புலயும் இதயம் வெளிய தள்ளுற ரத்தத்தோட பங்கு) 30 சதவீதம். நான் வாங்கிக் குடுத்த வாட்ச்ல எச்.ஆர்.வி மூணு மாசமா 20 பக்கத்துலயே நின்னுச்சு, போன வாரத்துல இருந்து 90, 100-னு காட்டுது. குணமாகுதுன்னு எடுத்துக்கலாமா?

தம்பி, முதல்ல வீட்டுக்கு போன் போட்டு அப்பாவ ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க, இன்னைக்கே. மிச்சத்த அப்புறம் படிக்கலாம்.

நிமிஷத்துக்கு 60 துடிப்புன்னா ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல டான்னு 1000 மில்லி செகண்ட் இருக்கும்னு நினைப்போம், அப்படி கிடையாது, ஒண்ணு 960 இருக்கும் அடுத்தது 1030 இருக்கும், மூச்ச உள்ள இழுக்கும்போது கொஞ்சம் வேகம், விடும்போது பைய. இந்த ஏத்த இறக்கத்தோட அளவுதான் எச்.ஆர்.வி. வேகஸ் நரம்பு இதயத்துக்கு பிரேக்கு மாதிரி, அது நல்லா வேலை செஞ்சா ஏத்த இறக்கம் இருக்கும். பம்பிங் குறைஞ்ச ஹார்ட் ஃபெயிலியர்காரங்களுக்கு உடம்பு பதறிப் போயி, துடிப்ப வேகமாக்குற சிம்பதெட்டிக் நரம்ப எந்நேரமும் முடுக்கி விட்டுட்டே இருக்கும், பிரேக்கு தளந்துரும், துடிப்பெல்லாம் ஒரே அளவுல வெட்டி வச்ச மாதிரி வரும். அதனால உங்க அப்பாவுக்கு 20 காட்டினதுல ஆச்சரியம் இல்ல.

ஆனா மூணு மாசம் அசையாத நம்பர் ஒரே வாரத்துல அஞ்சு மடங்கு ஆச்சுன்னா அது குணமாகுற வேகம் இல்ல. எனக்கு முதல்ல சந்தேகம் வாறது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேல் அறை ஒழுங்கா துடிக்காம நடுங்கிட்டே கிடக்கும், கீழ் அறைக்கு சிக்னல் எப்ப தப்பி வருதோ அப்ப துடிக்கும். அந்த மாதிரி ஒரு ஈசிஜி தாள எடுத்து துடிப்பு இடைவெளியப் பாத்தா 520, 910, 640, 1080-னு தாளமே இல்லாம ஓடும். இத அப்படியே கணக்குல போட்டா எச்.ஆர்.வி எகிறத்தான் செய்யும், வேகஸ் நரம்பு பண்ணின ஏத்த இறக்கமா, தாளம் கெட்ட துடிப்பான்னு அந்த நம்பருக்குத் தெரியாது. இடையிடையே குதிச்சு வாற எக்டோபிக் துடிப்பு நிறைய இருந்தாலும் இதே கததான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன கவனிக்காம விட்டுட்டா ரத்தம் உள்ள உறைஞ்சு மூளைக்குப் போய் அடைக்கிற ஆபத்து இருக்கு, அதான் அவசரப்படுத்துதேன். அம்மாகிட்ட சொல்லி அப்பா கையில ஒரு நிமிஷம் நாடி பிடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, தாளம் தப்புதான்னு அவங்களுக்கே தெரியும். தெரியலேன்னாலும் ஈசிஜி எடுக்கணும்.

குலசேகரம், ரப்பர் பால்வெட்டு வேலை, வயசு 54: 24 மணி நேர ஹோல்டர்ல எஸ்.டி.என்.என் (துடிப்பு இடைவெளி சராசரில இருந்து எவ்வளவு விலகுதுங்கற எச்.ஆர்.வி அளவு, மில்லி செகண்ட்ல) 62-னு வந்திருக்கு. இன்டர்நெட்ல பாத்து பயந்து போயி கிடக்கேன்.

நீங்க எதப் பாத்து பயந்தீங்கன்னு தெரியும் அண்ணாச்சி. 1998-ல வந்த யூகே-ஹார்ட் ஆய்வு, 433 ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிங்க, எஸ்.டி.என்.என் 100-க்கு மேல இருந்தவங்கள்ல வருஷத்துக்கு 5.5 சதவீதம் பேரு இறந்தாங்க, 50-ல இருந்து 100 வரை 12.7, 50-க்கு கீழ 51.4. கணக்கு சரிதான், மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா அந்த நோயாளிங்கள சேத்த காலத்துல ஹார்ட் ஃபெயிலியருக்கு பீட்டா பிளாக்கர் (சிம்பதெட்டிக் முடுக்கத்த அடக்குற மாத்திரை) குடுக்கது வழக்கமே இல்ல, அது பலன் தரும்னு உறுதியாக் காட்டின பெரிய ஆய்வு ரெண்டும் 1999-லதான் வந்துது. இன்னைக்கு நீங்க போடுற மாத்திரைல பாதி அன்னைக்கு அவங்க கையில இல்ல. அதுபோக அது 433 பேருக்க கணக்கு, உங்க ஒருத்தருக்க ஜாதகம் இல்ல.

இன்னொரு விஷயம், இது எங்க ஊருக்கே உள்ள சமாச்சாரம். நாங்க வச்சிருக்க சாஃப்ட்வேர்ல ராத்திரி 11-ல இருந்து காலைல 6 வரை தூக்கம்னு செட் பண்ணியிருக்கும். நீங்க நெத்தியில லைட்ட கட்டிட்டு 3 மணிக்கே மேட்டுல ஏறி மரம் மரமா நடப்பீங்க, மெஷின் அத தூக்கம்னு நினைச்சுட்டு 'ராத்திரி எச்.ஆர்.வி ரொம்ப மோசம்'னு எழுதும், மத்தியானம் நீங்க அடிச்ச நல்ல தூக்கத்த பகல் கணக்குல போடும். மீன்பிடிக்கப் போறவங்களுக்கும் இதே கூத்து. முழு 24 மணி எஸ்.டி.என்.என்-ல இது பெருசா அடிபடாது, ராத்திரி பகல்னு பிரிச்சுக் காட்டுற வரி மட்டும் தப்பாப் போகும். அதனால ஹோல்டர் கூட தாற டைரில எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க, எப்பம் படுத்தீங்க, எல்லாம் எழுதுங்க, முக்காவாசி பேரு வெறும் தாளாத்தான் திருப்பித் தாறாங்க. ஒருத்தர் வயர்ல ரப்பர் பால் ஒட்டிப் பிடிச்சு கொண்டு வந்தாரு, வேர்வைல ஸ்டிக்கர் ரெண்டு கழண்டு தொங்குது, அதுல ஆறு மணி நேரம் வெறும் கோடு. அத வச்சு என்னத்த எச்.ஆர்.வி பாக்க.

இன்ஜினியரிங் ஃபைனல் இயர், மார்த்தாண்டம் பக்கம்: ஃபிசியோநெட் (ஈசிஜி ரெக்கார்டிங் எல்லாம் கிடைக்கிற இன்டர்நெட் தளம்) டேட்டா வச்சு எச்.ஆர்.வி-ல ஹார்ட் ஃபெயிலியர கண்டுபிடிக்கிற மாடல் செஞ்சோம், 98 சதவீதம் அக்யூரசி. பேப்பர் போடலாமா?

போடலாம், ஆனா நான் ரிவ்யூவரா இருந்தா திருப்பி அனுப்புவேன். நீங்க எடுத்தது வழக்கமா எல்லாரும் எடுக்கிறதுதான்னு நினைக்கேன்: பி.ஐ.டி.எம்.சி ஹார்ட் ஃபெயிலியர் டேட்டா 15 பேரு, செகண்டுக்கு 250 சாம்பிள். நார்மல் சைனஸ் ரிதம் டேட்டா 18 பேரு, 128 சாம்பிள். 250-ன்னா 4 மில்லி செகண்ட் துல்லியம், 128-ன்னா கிட்டத்தட்ட 8. உங்க மாடல் நோயக் கத்துக்கிட்டா, இல்ல சாம்பிளிங் ரேட்டக் கத்துக்கிட்டா? அந்த நார்மல் ஆளுங்க எல்லாரும் 20-ல இருந்து 50 வயசுக்குள்ள, நோயாளிங்கள்ல 71 வயசுக்காரரும் உண்டு, வயசானா எச்.ஆர்.வி தானே குறையும். போதாததுக்கு ஒரே ஆளுக்க ரெக்கார்டிங்க அஞ்சு அஞ்சு நிமிஷமா வெட்டி டிரெயினிங்லயும் டெஸ்ட்லயும் கலந்து போட்டிருந்தா 98 வராம பின்ன என்ன. ஆள் வாரியா பிரிச்சுட்டு மறுபடி ஓட்டிப் பாருங்க, எவ்வளவு விழுதுன்னு அந்த நம்பரையும் பேப்பர்ல போடுங்க.

எல்.எஃப்-எச்.எஃப் விகிதம் (எச்.ஆர்.வி-ல பைய வாற அலைக்கும் வேகமா வாற அலைக்கும் உள்ள விகிதம்) கூடினா நோய் கூடுதுன்னு எழுதியிருக்கீங்க, அதையும் பாருங்க. நோய் முத்தினவங்களுக்கு எல்.எஃப் அலையே தேஞ்சு போயிரும், விகிதம் கீழ இறங்கும். சிம்பதெட்டிக் கூடினா எல்.எஃப் கூடும்ங்கற பாடம் அங்க செல்லாது.

தக்கலை: அம்மாவுக்கு சி.ஆர்.டி (இதயத்த ஒண்ணா துடிக்க வைக்கிற பேஸ்மேக்கர்) வச்சிருக்கு. இவங்களுக்கு எச்.ஆர்.வி பாக்க முடியுமா?

மேல் அறையவும் மெஷினே அடிச்சுக் குடுத்தா முடியாது, நீங்க அளக்கது அந்த பெட்டியோட தாளத்தத்தான். மேல் அறை சொந்தமா துடிக்குதுன்னா சில மெஷின் தானாவே அளந்து வைக்கும். 2004-ல அப்படி 397 பேர பாத்ததுல, ஆஸ்பத்திரில சேர வேண்டி வந்தவங்களுக்கு ஏறக்குறைய 16 நாளைக்கு முன்னாடியே எச்.ஆர்.வி இறங்க ஆரம்பிச்சிருக்கு. நல்ல விஷயம்தான், ஆனா சும்மா சும்மா அலாரம் அடிக்கதும் உண்டு. செக்கப்புக்கு போகும்போது அந்த கிராஃபக் காட்டச் சொல்லிக் கேளுங்க.

கருங்கல்: காலைல மூச்சுப் பயிற்சி செஞ்சா உடனே நம்பர் கூடுது. அப்பம் மாத்திரைய நிறுத்தலாமா?

நிறுத்தாண்டாம்! நிமிஷத்துக்கு ஆறு மூச்சு விட்டா அது 0.1 ஹெர்ட்ஸ், சரியா எல்.எஃப் அலைக்குள்ள போய் விழும், அதான் நம்பர் குதிக்கு. பயிற்சி நல்லதுதான், செய்யுங்க, ஆனா இதயம் தேறிட்டுன்னு அர்த்தம் இல்ல. பீட்டா பிளாக்கர் போட்டாலும் நாளாக நாளாக கூடும், அது வேற கணக்கு. பக்கத்து வீட்டுக்காரரு வாட்ச்சோட ஒப்பிடவும் வேண்டாம், ஆப்பிள் வாட்ச் காட்டுறது எஸ்.டி.என்.என், ஃபிட்பிட் காட்டுறது ஆர்.எம்.எஸ்.எஸ்.டி (அடுத்தடுத்த இடைவெளிக்குள்ள உள்ள வித்தியாசத்த வச்சு போடுற கணக்கு), ரெண்டும் ரெண்டு அளவு.

முட்டத்துல இருந்து ஒரு அக்கா: எங்ககிட்ட வாட்ச் ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரர எப்படி கவனிக்க?

ஒரு எடை மெஷின் வாங்குங்கக்கா, அது போதும். காலைல எந்திரிச்சு ஒண்ணுக்கு போயிட்டு, கடுங்காப்பி குடிக்கதுக்கு முன்னாடி ஏறி நிக்கச் சொல்லி காலண்டர்ல அந்த தேதி மேலயே எழுதுங்க. மூணு நாள்ல ரெண்டு கிலோவுக்கு மேல ஏறிச்சுன்னா அது சதை இல்ல, தண்ணி, டாக்டரக் கூப்பிடணும். கணுக்கால்ல விரல அமுக்கி எடுத்தா குழி அப்படியே நிக்குதா, படுத்தா மூச்சு முட்டி ரெண்டாவது தலையணை கேக்காரான்னும் பாருங்க. கருவாட்ட ராத்திரி பூரா ஊற வச்சு கழுவினா உப்பு போயிராதான்னும் கேட்டிருக்கீங்க. கொஞ்சம் போகும், முழுசா போகாது, பச்ச சாளை கிடைக்கிற ஊர்ல இருந்துட்டு கருவாடு எதுக்கு?