மகள் தண்ணீர் ஆராய்ச்சிக்குப் போகணும் என்கிறாள்: ஏரல் அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். போன வாரம் போனில் நீங்கள் கேட்டதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். "பி.இ. சிவில் கடைசி வருசம். காலேஜுக்கே வந்து ஐ.டி. கம்பெனிக்காரன் எடுத்துட்டான். இவ என்னடான்னா தண்ணியப் பத்தி மேல படிச்சு, ஆராய்ச்சி பண்ணி, யுனிவர்சிட்டியில வாத்தியாரா ஆகணும்ங்கா. இதுல சோறு இருக்கா?"

சோறு இருக்கிறது, அண்ணாச்சி. இலை போட்டுப் பரிமாறத்தான் வெகுநேரம் ஆகும். அந்த நேரத்தை உங்கள் வீடு தாங்குமா என்பதைத்தான் நீங்களும் மதினியும் உட்கார்ந்து பேச வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். பாப்பாவுக்கு இப்போது 21. பி.இ. முடிந்ததும் எம்.இ. அல்லது எம்.டெக். இரண்டு வருடம். கேட் என்ற முதுநிலைப் பொறியியலுக்கான தேசிய நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கேட் இல்லாமல் சேர்ந்தால் அது கிடையாது. அதன்பின் பிஎச்.டி. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற இடங்களில் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000. நான்கு வருடத்தில் முடிப்பவர்கள் கொஞ்சம்; ஐந்து, ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, கையெழுத்துப் போட்டு நிரந்தர வேலையில் சேரும்போது வயது 30-ஐ ஒட்டி இருக்கும். பிஎச்.டி.க்குப் பிறகு வெளிநாட்டில் ஒன்றிரண்டு வருடம் மேலாய்வு செய்துவிட்டு வந்தால் இன்னும் தள்ளும். அதற்குள் கூடப் படித்தவள் சென்னையில் வீட்டுக் கடன் கட்ட ஆரம்பித்திருப்பாள். அதைத் தீபாவளிக்கு ஊருக்கு வரும் ஒவ்வொரு சொந்தக்காரரும் உங்களுக்கு ஞாபகப்படுத்துவார்கள்.

வேலை கிடைத்தபின் குறை சொல்ல முடியாது. ஏழாவது ஊதியக் குழு விகிதம் கொடுக்கும் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. ஐ.ஐ.டி.யில் கிரேடு-1 உதவிப் பேராசிரியருக்கு 1,01,500. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் அந்த இடங்கள் குறைவு, வரிசை நீளம். சுயநிதிக் கல்லூரி என்றால் கதை வேறு. நானே பத்து வருடம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தியவன். நியமன உத்தரவில் ஒரு சம்பளம், கையில் வேறொரு சம்பளம் வாங்கியவன். அதனால்தான் இந்த ஆலோசனைத் தொழிலுக்கு வந்தேன் என்று என் வீட்டில் கேலி செய்வார்கள்.

சரி, அந்த வேலை எப்படி இருக்கும்? நீங்கள் நினைப்பது போல ஆற்றங்கரையில் நின்று குறிப்பெடுப்பது மட்டும் இல்லை. உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாக வகுப்பெடுக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி. பாய்ம இயக்கவியல், திறந்த வாய்க்கால் ஓட்டம், நீரியல், பாசனப் பொறியியல், கூடவே ஆய்வகம். டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1856-ல் மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டுக் கண்டுபிடித்த, மண்ணுக்குள் தண்ணீர் ஊரும் வேகத்துக்கான விதியை வருடா வருடம், புதிதாகச் சொல்வது போலவே சொல்ல வேண்டும். அது பிடிக்காதவர்கள் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போவது நல்லது, மாணவர்களுக்கும் நல்லது.

வகுப்பு முடிந்தால் ஆய்வு மாணவர்கள், அவர்கள் எழுதிக் கொண்டுவரும் கட்டுரைகள், ப்ராஜெக்ட் விண்ணப்பம், செலவுக் கணக்கு, கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிறது என்றால் அலமாரி அலமாரியாக ஃபைல். ஆராய்ச்சியிலும் பாதி நேரம் கணினி முன்தான். வானிலைத் துறையின் 1901 முதலான தினசரி மழைத் தரவு, செயற்கைக்கோள் படம், இவற்றை ஒரு கணினி மாதிரியில் போட்டு, இந்த வடிநிலத்தில், அதாவது மழைத் தண்ணீர் ஓடி ஆற்றில் சேரும் நிலப்பரப்பில், இவ்வளவு மழை பெய்தால் ஆற்றில் எவ்வளவு, எத்தனை மணிக்கு வரும் என்று கணக்கிடுவது. ஹெச்.இ.சி.-ஹெச்.எம்.எஸ்., ஸ்வாட், க்யூஜிஸ் என்று அதற்கான மென்பொருள்கள் எல்லாம் இலவசம். பைத்தான் தெரியாமல் இன்றைக்கு இந்தத் துறையில் நடக்க முடியாது. ஐ.டி.க்குப் போகிறவள் கற்பதை இவளும் கற்கத்தான் வேண்டும், அண்ணாச்சி.

மீதிப் பாதி வெயிலில். இதில் ஒரு விசித்திரம் உண்டு, வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பொறியியல் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வும் நவம்பர், டிசம்பர். ஆற்றில் வெள்ளம் போகிற நாளில் பேராசிரியர் தேர்வு ஹாலில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். வருடம் பூராவும் காத்திருந்த அளவீட்டை எடுக்க ஆய்வு மாணவரைத்தான் அனுப்ப வேண்டும். அவர் போய்ச் சேரும்போது பாலத்தில் போலீஸ் கயிறு கட்டியிருக்கும். ஒரு மழைக்காலம் தவறினால் ஆய்வில் ஒரு வருடம் போச்சு. பிஎச்.டி. ஏன் இழுக்கிறது என்று கேட்டீர்களே, இதுவும் ஒரு காரணம். உதவித்தொகை சில நேரம் மூன்று மாதம் சேர்த்து வரும். மெஸ் பில் அப்படி வராது.

பாப்பாவிடம் நான் தனியாகப் பேசினேன். ஏன் இந்தத் துறை என்று கேட்டதற்கு அவள் 2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொன்னாள். அந்த 17, 18 தேதிகள் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம். ஏரல் கடைத்தெரு முழுகியதை மாடியிலிருந்து பார்த்தவர் நீங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94.6 சென்டிமீட்டர், ஒரு வருட மழையைவிட அதிகம். பாப்பா ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாள்: ஒரு சதுர கிலோமீட்டரில் மட்டும் 94 கோடி லிட்டருக்கு மேல். "சார், மேல பாபநாசம் அணை, மணிமுத்தாறு அணைன்னு எல்லாரும் பேசுறாங்க. அணைக்குக் கீழயே பெய்ஞ்ச மழைத் தண்ணி எவ்வளவுன்னு யாரும் தனியா பிரிச்சுச் சொல்ல மாட்டேங்காங்க" என்றாள். இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளிடம் பேசுகிறேன். 'எனக்கு இதில் ஆர்வம்' என்று சொல்பவர்கள் நூறு பேர் வருவார்கள். கேள்வியோடு வருபவர்கள் நாலு பேர். அவள் கேட்டது உண்மையிலேயே ஓர் ஆய்வுக் கேள்வி. தாமிரபரணியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பும் அணைக்கட்டு எட்டு, கடைசி ஸ்ரீவைகுண்டம். அதன் வடகால், தென்கால் வாய்க்கால் குளங்கள் நிரம்பி, மிச்சத் தண்ணீர் மறுகாலாக வழிந்து பாயும் வரிசை தெரிந்தவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வெளியூர் ஆராய்ச்சியாளர் அந்தப் பெரியவர்களிடம் நெருங்கவே ஆறு மாதம் ஆகும். இவளுக்கு அவர்கள் தாத்தா முறை.

பொம்பளப் பிள்ளை காடு மேடெல்லாம் அலையணுமே என்று மதினி கேட்டார்கள். களப்பணிக்குக் குழுவாகத்தான் போவார்கள். இருந்தாலும் கழிப்பறை கிடைக்காது, வெயில் தோலை உரிக்கும், கரை வழுக்கும். இதை மறைக்க மாட்டேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். கல்யாணத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுதான்: பிஎச்.டி.யின் நடுவில் கல்யாணம் செய்து ஆய்வை முடித்தவர்களும் உண்டு, மாப்பிள்ளை வீட்டில் 'இன்னும் முடியலையா' என்று கேட்டே நிறுத்தியவர்களும் உண்டு. வரன் பார்க்கும்போது ஜாதகத்தோடு இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

ஒருவேளை நடுவில் மனம் மாறினால்? எம்.இ.யோடு நிறுத்தினாலும் வீண் இல்லை. மாநில நீர்வளத் துறைக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் பொறியாளர்கள் வேண்டும். யு.பி.எஸ்.சி. பொறியியல் தேர்வு எழுதினால் மத்திய நீர் ஆணையம் இருக்கிறது. அணை, வடிகால் வடிவமைக்கும் தனியார் ஆலோசனை நிறுவனங்களும் ஆள் தேடுகின்றன. வாத்தியார் வேலையைவிட இவற்றில் சம்பளம் சீக்கிரம் கைக்கு வரும்.

உடனடியாகச் செய்ய வேண்டியது: கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். சிவில் தாளில் நீர்வளம் ஒரு முக்கியப் பகுதி. மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அதனால் ஐ.டி. வேலையை இப்போதே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லாதீர்கள், கையில் இருக்கட்டும். கேட் சரியாக வராவிட்டால் அண்ணா பல்கலைக்கழகத்தின் சீட்டா தேர்வு வழியாகவும் எம்.இ. சேரலாம். கிண்டியில் நீரியல், நீர்வளப் பொறியியலுக்கென்றே எம்.இ. இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஆராய்ச்சி வழி எம்.எஸ். உண்டு, ஆராய்ச்சி ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அது நல்ல வழி. ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் நீரியலுக்குத் தனித் துறையே இருக்கிறது, தூரம்தான்.

இன்னொன்று. பாப்பாவுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். உங்கள் வாழைத் தோட்டத்துக்குப் பக்கத்துக் குளத்தில் மடை ஓரமாக ஒரு கம்பு நட்டு, சென்டிமீட்டர் குறித்து, அக்டோபர் 1 முதல் 60 நாள் தண்ணீர் மட்டத்தை எழுத வேண்டும். மொட்டை மாடியில் ஒரு மழைமானி. காலேஜுக்குப் போகிற நாட்களில் நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், காலை எட்டரைக்கு, ஒரு நாள்கூட விடாமல். மழையே இல்லாத நாளிலும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். நாற்பதாவது நாள் அவளுக்கு அலுத்துப் போகிறதா, இல்லை, மட்டம் ஏன் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று உங்களை நச்சரிக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை அந்த நோட்டோடு இரண்டு பேரும் வாருங்கள். பத்து மணிக்கு மேல் ஆபீசில் இருப்பேன். மழை பிடித்துக்கொண்டால் போன் போடுங்கள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.